சேற்றுக் கூடலும் வெள்ளமும்

மலாய் மொழியில் 'கோலா' என்பது ஓர் ஆறு பிறிதோர் ஆற்றோடோ கடலோடோ கலக்கும் இடத்தைக் குறிக்கும். 'லும்பூர்' என்றால் சேறு. ஆதலின் கோலாலம்பூர் என்னும் பெயருக்குச் 'சேற்றுக் கூடல்' என்று பொருள் கொள்வர் பலர். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுகின்ற அம்முனையில்தான் 1909 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஜாமெக் பள்ளிவாசல் நிற்கிறது. இந்நகரம் பன்முறை வெள்ளத்தில் மூழ்கியிருக்கிறது. அதற்கு மழை மட்டுமே காரணமன்று. மனிதன் ஆற்றில் சேர்த்த மண்ணும், ஆற்றுக்கு விடாத இடமும் காரணங்களாம் என்பதை அதன் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ஈயம் தந்த ஊர்

1857 ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லா என்பார் 87 சீனத் தொழிலாளரை வெள்ளீயம் தேடிக் கிள்ளான் ஆற்றின் வழியே அனுப்பினார். கூடலுக்கு அப்பால் படகு செல்வது அரிதாயிருந்தது. அவர்கள் அங்கே இறங்கி அம்பாங் காட்டுக்கு நடந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் காய்ச்சலுக்கு இரையாயினர். ஆயினும் ஈயம் கிடைத்தது. கூடலில் ஊர் எழுந்தது. படகுத்துறைக்கு அண்மை என்ற ஒரே வசதி கருதித் தாழ்ந்த கரையிலேயே கடைகள் வரிசை வரிசையாக எழும்பின.

1881 ஆம் ஆண்டு அவ்வூருக்குத் தீயாண்டாக அமைந்தது. சனவரியில் பெருந்தீ மூண்டு, அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாய் இருந்த வீடுகளை அழித்தது. திசம்பரில் வெள்ளம் வந்து, மீண்டும் கட்டியவற்றையும் சிதைத்தது. சீனர் தலைவரான யாப் ஆ லோய் ஊரை மீண்டும் நிமிர்த்தினார். மறு ஆண்டில் சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த சுவெட்டன்ஹாம், செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டுமென வற்புறுத்தினார். அச்செங்கற்களைச் சுட்ட சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். பின்னாளில் இருப்புப்பாதைத் தொழிலாளராக வந்த தமிழர் பலர் குடியேறிய பகுதியும் அதுவே. செங்கற் சுவர் தீயைத் தடுத்தது, வெள்ளத்தைத் தடுக்கவில்லை.

உயர்ந்த ஆற்றுப்படுகை

வெள்ளீயம் மண்ணோடு கலந்து கிடப்பது. நீரைப் பாய்ச்சி மண்ணைக் கரைத்து, கனமான ஈயத்தைத் தங்கவிட்டு, எஞ்சிய சேற்றை ஓடவிடுவதே சுரங்க முறை. அச்சேறு ஓடைகளுக்கும், ஓடைகளிலிருந்து கிள்ளான் ஆற்றுக்கும் சென்றது. பின்னர் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தொடக்கக் காலத்தில் மரங்களுக்கு இடையே ஒரு புல்லும் இல்லாதபடி களையெடுப்பதே சிறந்த முறை எனத் துரைமார் கருதினர். தமிழ்த் தொழிலாளர் நாள்தோறும் களை கொத்திய அச்சரிவுகளிலிருந்தும் மழை மண்ணை அரித்துச் சென்றது. மண்ணைக் காக்கும் மூடுபயிர்களை வளர்க்கும் வழக்கம் பிற்பாடே வந்தது. ஆற்றுப்படுகை உயர உயர, அது கொள்ளும் நீர் குறைந்தது. முன்பு கரைக்குள் அடங்கிய மழை இப்போது தெருவுக்கு வந்தது.

1926 ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த பெருமழையில் தீபகற்பத்தின் பல பகுதிகளோடு கோலாலம்பூரும் மூழ்கியது. அதன் பின்னர் நகருக்குள் ஆற்றை அகலப்படுத்தி நேராக்கும் பணி நடந்தது. நீரை விரைவாகக் கடத்திவிட்டால் போதும் என்பதே அக்கால எண்ணம்.

அவ்வெண்ணம் 1971 சனவரியில் சோதனைக்குள்ளாயிற்று. பல நாள் தொடர்ந்த மழையால் தலைநகரின் நடுப்பகுதி நீருக்குள் ஆழ்ந்தது, உயிர்கள் மாண்டன, பெருந்தொகையினர் வீடிழந்தனர். அதன் பின்னர் நீரை மேற்பகுதியிலேயே நிறுத்தும் திட்டங்களும் தீட்டப்பட்டன. குடிநீருக்காக 1958 இல் அமைந்த கிள்ளான் கேட்ஸ் அணை பிற்பாடு உயர்த்தப்பட்டு வெள்ளத்தையும் தாங்கத் தகுதி பெற்றது. 1987 இல் பத்து அணை எழுந்தது.

சுரங்கத்தின் அளவும் மழையின் அளவும்

2003 சூன் மாத வெள்ளத்திற்குப் பின் 'ஸ்மார்ட்' சுரங்கப் பாதை கட்டப்பட்டு, 2007 இல் திறக்கப்பட்டது. இதன் நீளம் 9.7 கிலோமீட்டர். இதில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவு மேலும் கீழும் இரண்டு அடுக்குச் சாலையாகும். சிறு மழையில் வண்டிகள் ஓடும். ஓரளவு வெள்ளம் வந்தால் சாலைக்குக் கீழுள்ள வழியில் நீர் செல்லும். பெருவெள்ளமாயின் வண்டிகளை வெளியேற்றி, கதவுகளைத் திறந்து, சுரங்கம் முழுவதையும் நீருக்கு விடுவர். அம்பாங் பக்கத்து நீர் நகர நடுவைத் தொடாது தாமான் டேசா ஏரிக்குச் சென்று, கெராயோங் ஆற்றில் கலக்கும். பொறியியலாளரின் அருஞ்செயல் இஃது.

எனினும் அதன் எல்லையை ஒரு கணக்கால் அறியலாம். இரு முனைக் குளங்களும் சுரங்கமும் சேர்ந்து கொள்ளும் நீர் சுமார் 30 இலட்சம் கன மீட்டர். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1,000 கன மீட்டர் நீராகும். கோலாலம்பூரின் பரப்பு 243 சதுர கிலோமீட்டர். ஆகவே நகரெங்கும் 13 மில்லிமீட்டர் மழை பெய்தால், அந்நீர் 30 இலட்சத்தைத் தாண்டிவிடும். மாலையிடியோடு பெய்யும் ஒரு மழையே இதைவிடப் பன்மடங்கு பொழிவதுண்டு. பெய்த நீரனைத்தும் சுரங்கத்துக்கு வருவதில்லை. வந்ததும் தேங்கி நிற்காமல் கடந்து செல்கிறது. ஆயினும் ஒரு சுரங்கத்தை நம்பி நிலத்தை மறந்திருக்க இயலாது என்பதை இக்கணக்கு உணர்த்தும். 2021 திசம்பரில் சுரங்கம் இயங்கியபோதும் தலைநகரின் சில பகுதிகள் நனைந்தன. ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில், வீடுகளின் மேல்மாடிவரை மக்கள் ஏறி உதவிக்குக் காத்திருந்தனர்.

ஈயக் குட்டைகளின் பணி

நிலமோ மாறிக்கொண்டே வந்தது. 1950களில் எஃபிங்ஹாம் தோட்டம் பெட்டாலிங் ஜெயாவாயிற்று. மற்றத் தோட்டங்களும் ஒவ்வொன்றாக வீட்டுமனைகளாயின. மண் உறிஞ்சிய மழை, தாரிலும் சிமெண்டிலும் விழுந்து உடனே சாக்கடைக்கு ஓடுகிறது. இதனை உணர்ந்தே 2001 முதல் புதிய மழைநீர் வடிகால் நெறி நடப்புக்கு வந்தது. கட்டடம் எழுந்த பின் ஒரு மனையிலிருந்து வெளியேறும் உச்ச நீரளவு, கட்டுமுன் இருந்ததை மிஞ்சலாகாது. மிஞ்சுவதை அவ்விடத்திலேயே தேக்கி மெல்ல விடவேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

அவ்வாறு தேக்க, சுரங்கத் தொழிலே இடம் விட்டுச் சென்றிருக்கிறது. ஈயம் தீர்ந்த பள்ளங்களில் நீர் நிரம்பி ஈயக் குட்டைகளாயின. தித்திவாங்சா ஏரி அவற்றுள் ஒன்று. பத்து, ஜிஞ்சாங் பகுதிகளில் பழைய குட்டைகளே வெள்ளத்தை ஏற்கும் நீர்த்தேக்கங்களாகப் பயன்படுகின்றன. அன்று சேறு தந்து ஆற்றை உயர்த்திய சுரங்கம், இன்று பள்ளம் தந்து வெள்ளத்தை ஏற்கிறது.

ஆயின் நகரில் நிலத்தின் விலை ஏறுந்தோறும் குட்டைகள் பலவும் மண்ணால் நிரப்பப்பட்டு மனைகளாயின. வெறுங்குட்டை ஒன்றும் ஈட்டித் தருவதில்லை எனக் கணக்கிடுவோர், மழைநாளில் அது தாங்கும் நீரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு குட்டையைத் தூர்த்தால் அதிலிருந்த நீர் மறைந்துவிடாது. தாழ்வான தெருவிலுள்ள வேறொருவர் வீட்டுக்குச் செல்லும். அவ்வீடு பெரும்பாலும் எளியவர் வீடாகவே இருக்கும். எஞ்சியுள்ள குட்டைகளைக் காப்பதும், வரும் மாணவர்க்கு அவற்றின் பயனைக் கற்பிப்பதும் இன்றைய தலைமுறையின் கடமையாகும்.