நாகையிலிருந்து மலேயாவுக்கு

சுவாமிமலை போன்ற வளமான நெல்லூர்கள் நிறைந்த தஞ்சையிலிருந்து மக்கள் ஏன் கடல் கடந்தனர்? விளைச்சல் மிகுதி, நிலமோ சிலர் கையில் இருந்தது. வாங்கிய சிறு கடனுக்காகப் பண்ணையாட்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே மிராசுதாரிடம் கட்டுண்டு கிடந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகப்பட்டினம் துறைமுகம் அவர்களுக்கு ஒரு வாயிலாயிற்று. மலேயாத் தோட்டங்களுக்கு முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், அம்முறை 1910-இல் நிறுத்தப்பட்டபின் பெரும்பாலும் கங்காணிகள் வழியாகவும் சென்றனர். அங்கும் துன்பம் குறைவன்று. ஆயினும், மீண்டவருள் சிலர் சேமிப்பைக் கொண்டு சிறு நிலம் வாங்கினர். ஆட்கள் அகல்வது கண்டு மிராசுதாரர்கள் முறையிட்டனர். உழைப்பவனின் அருமை அப்போதுதான் அவர்களுக்குப் புலனாயிற்று.

எனினும், அவ்வாயிலின் திறவுகோல் பிறர் கையில் இருந்தது. 1930-ஐ ஒட்டிய உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரியவே, இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் மலேயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். தோட்டக் கூலி குறைக்கப்பட்டதையடுத்து, 1938-இல் இந்திய அரசே தொழிலாளரை அங்கு அனுப்புவதைத் தடை செய்தது. ஊரிலோ பண்ணையாள் முறை நீடித்தது. உழவர் இயக்கத்தின் போராட்டத்துக்குப் பின், 1952-இல் வந்த தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமே கூலியை உயர்த்தி, நினைத்தபடி ஆளை நீக்குவதைக் கட்டுப்படுத்தியது.

அயல்நாட்டு வருவாய் ஒரு குடும்பத்தைக் கரையேற்றலாம். ஊர் முழுவதும் கரையேற, அவ்வூரிலேயே கூலியும் நிலமும் நீதியோடு அமைதல் வேண்டும்.