கற்பிட்டி தந்த காசிச்செட்டி

புத்தளக் களப்புக்கும் மேல்கடலுக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கின்றது கற்பிட்டிக் குடாநாடு. உச்சமுனை முதலிய சிற்றூர்களில் வாழ்வோர்க்கு மீன்பிடித்தலே தொழில். தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தேடித் திரட்டித் தனிநூலாக்கிய முன்னோடி, பெருநகர் எதிலும் பிறந்தவரல்லர். புகழ்பெற்ற மடமொன்றில் பயின்றவருமல்லர். இக்கடற்கரையில் பிறந்து, அரசாங்க உத்தியோகத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர். அவரே சைமன் காசிச்செட்டி.

1807 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21 ஆம் நாள் கற்பிட்டியில் அவர் பிறந்தார். ஒல்லாந்தர் கட்டிய கற்பிட்டிக் கோட்டை 1795 இல் ஆங்கிலேயர் கைப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவருடைய குடும்பம் செட்டிமார் சமூகத்தைச் சேர்ந்த கிறித்தவக் குடும்பம். தென்னிந்தியாவிலிருந்து வாணிகத்தின் பொருட்டு இலங்கைக்கு வந்து குடியேறிய அச்சமூகத்தார், ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் கிறித்தவம் தழுவினர்; அவர்களிற் பலர் துவிபாசிகளாகவும் முதலியார்களாகவும் உயர்ந்தனர். கணக்கும் பல மொழிப் பயிற்சியும் அவர்களுக்குக் குலச்சொத்தாக விளங்கின.

காசிச்செட்டியும் இளமையிலேயே அரசாங்க சேவையிற் புகுந்து முதலியார் பதவி பெற்றார். முதலியாரின் பணி எளிதன்று. ஆளுவோரின் கட்டளையைக் குடிகளுக்குத் தெரிவிப்பதும், குடிகளின் முறையீட்டை ஆளுவோர்க்கு எடுத்துரைப்பதும் அவர் கடன். ஊர், தொழில், விளைச்சல், வழக்கம் ஆகிய அனைத்தையும் அறிந்தாலன்றி அக்கடனை ஆற்றுதல் இயலாது. கச்சேரிக் கடமைக்காகக் கேட்டறிந்து குறித்துவைக்கும் இப்பழக்கமே அவருடைய புலமைக்கு வித்தாயிற்று.

அவ்வித்திலிருந்து முளைத்த முதற் பெருநூல், 1834 இல் கோட்டையிலிருந்த கிறித்தவ சங்க அச்சகத்தில் வெளிவந்த ‘இலங்கைக் கசற்றியர்’. இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் துறைமுகங்களையும் அகர வரிசைப்படுத்தி, மக்களின் தொழில், சமயம், வழக்கங்களையும் விளக்கும் ஆங்கில நூல் அது. அப்போது ஆசிரியருக்கு வயது இருபத்தேழு. 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக உத்தியோகப்பற்றற்ற உறுப்பினராய் இருந்தார். 1841 இல் ‘உதயாதித்தன்’ என்னும் தமிழ்த் திங்களிதழைத் தொடங்கினார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னர்ச் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகக் கடமையாற்றினார். றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளை வெளியிட்ட ஏட்டிலும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார்.

இவை யாவற்றினும் சிறந்தது, 1859 இல் யாழ்ப்பாணத்தில் அச்சான ‘தமிழ் புளூட்டாக்’. கிரேக்க, உரோமப் பெரியோர் சரிதங்களை எழுதிய புளூட்டாக்கின் பெயரைத் தாங்கிய அந்நூல், ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்திற் கூறுகின்றது. காவலி வெங்கடராமசாமி 1829 இல் கல்கத்தாவில் வெளியிட்ட தக்காணக் கவிஞர் வரலாற்றிலும் தமிழ்ப் புலவர் சிலர் இடம்பெற்றிருந்தனர். எனினும் தமிழ்ப் புலவர்க்கெனத் தனியே இத்துணை விரிவான தொகுப்பு அதற்குமுன் எழுந்ததில்லை. சங்க நூல்கள் பல அப்போது அச்சேறவில்லை, ஏட்டுச்சுவடிகளோ செல்லரித்துக்கொண்டிருந்தன. புலவர் வரலாறு பெரும்பாலும் வாய்மொழிக் கதையாகவே வழங்கிற்று. சொல்வார் மறைந்தால் அக்கதையும் மறைந்துபோம். அவ்வழிவினின்றும் தம்மால் இயன்றவற்றைக் காசிச்செட்டி காத்தார்.

குறைகளும் அதில் உண்டு. கால வரையறை பல இடங்களிற் பொருந்தாது. கதையும் வரலாறும் கலந்துநிற்கும். பதிவாளர்க்குக் கிடைத்த சான்றின் அளவே பதிவும் அமையும் அன்றோ! ஆயினும், திருத்துவதற்கும் முன்னோர் எழுதிவைத்த ஒன்று வேண்டும். ஆ. சதாசிவம்பிள்ளை 1886 இல் தமிழில் வெளியிட்ட ‘பாவலர் சரித்திர தீபகம்’, இவர் வகுத்த பாதையில் மேலும் விரிந்து சென்றது.

நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1860 நவம்பரில், காசிச்செட்டி தமது ஐம்பத்துமூன்றாம் வயதிற் காலமானார். அவர் எழுத்துக்கள் யாவும் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. தமிழரின் சாதி, வழக்கம், இலக்கியம் பற்றிய நூல் 1934 இல்தான் வெளிவந்தது. ‘தமிழ் புளூட்டாக்’ 1946 இல், தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புக்களுடன் மீண்டும் பதிப்பிக்கப்பட்டது. பிறமொழியில் ஆளுவோர்க்கு அறிக்கை எழுதிய அதே கையே, தன் இனத்தின் புலவர்கள் பெயரையும் மறவாது எழுதிவைத்தது. அப்பணியே அவருக்குத் தமிழிலக்கிய வரலாற்றில் நிலையான இடத்தைத் தந்தது.