பெட்டகத்து உறுதிகள்: அம்பாறைக் கரையோர வீடுகளில் தாள் பேணிய வரலாறு

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என்று வடக்கிலிருந்து தெற்காக நீண்டு அறுகம்பேயின் உல்லைக் கிராமத்தை எட்டும் இலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில், வீட்டில் சேரும் தாள்களை எங்கே வைப்பது, எவற்றைக் கழிப்பது, யார் பொறுப்பில் விடுவது என்ற கேள்விகள் வீட்டுத் துப்புரவோடு நின்றுவிடுபவையாக ஒருபோதும் இருந்ததில்லை. கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிய மணற்பட்டியில் நெருங்கி வாழும் இம்மக்களுக்கு, நிலமும் மணமும் பிறப்பும் ஆளடையாளமும் கடந்த இரு நூற்றாண்டுகளில் ஒவ்வொன்றாகத் தாளால் நிறுவப்பட வேண்டியவையாக மாறின. ஒவ்வொரு சட்டமும் வீட்டுப் பெட்டிக்குள் ஒரு புதிய தாளைச் சேர்த்தது. பழையதைக் கழித்துவிடலாம் என்று சொல்ல எந்தச் சட்டமும் முன்வரவில்லை. இக்கரையின் வீடுகளில் தாள் குவிந்தமைக்கும், அக்குவியலை அடக்கப் பழகிய வழக்கங்களுக்கும் காரணம் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

தாள் பரவுவதற்கு முன் எழுத்து பனையோலையில் இருந்தது. துளையிட்டு நூல் கோத்து இரு மரச் சட்டங்களுக்கு நடுவே கட்டப்படும் ஏட்டுக்கட்டு, தன் அமைப்பாலேயே சிதறலைத் தடுத்தது. எவ்வளவு ஏடு சேரலாம் என்பதை நூலின் நீளமும் சட்டத்தின் பிடியும் வரையறுத்தன. அதைவிட வலுவான கட்டுப்பாடு ஓலையின் ஆயுள். ஈரமும் பூச்சியும் மிகுந்த கரையோரத்தில் ஏடு சில தலைமுறைகளுக்குள் சிதைந்துவிடுவதால், பெயர்த்தெழுதத் தகுந்தது எது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் தானே முடிவு செய்ய வேண்டியிருந்தது. எழுதுபவரின் உழைப்புக்கு ஈடாகாதது தானாக மறைந்தது. குடி எனப்படும் தாய்வழிக் குலங்களின் வரலாற்றையும் கோயில் வழமைகளையும் சொல்லும் ஏடுகள் இவ்வாறு கைமாறி வந்தவையே. அவற்றைத் திரட்டி எப். எக்ஸ். சி. நடராசா 1962 இல் 'மட்டக்களப்பு மான்மியம்' என்ற பெயரில் அச்சேற்றினார்.

முஸ்லிம் இல்லங்களில் இதனுடன் மற்றொரு மரபும் சேர்ந்திருந்தது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ், மார்க்க நூல்களுக்கும் கடிதங்களுக்கும் வீட்டுக் குறிப்புகளுக்கும் பயன்பட்டது. கடனை எழுதிவைக்குமாறும் சாட்சிகளை நிறுத்துமாறும் பணிக்கும் அல்-பகறா அத்தியாயத்தின் 282 ஆவது வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பது, எழுத்துச் சான்றுக்கு இம்மரபில் இருந்த எடையைக் காட்டும். ஆகவே பிரித்தானிய ஆட்சி எழுத்தையும் சாட்சியையும் வற்புறுத்தியபோது, அந்தக் கருத்து இங்கே எவருக்கும் அந்நியமாகத் தோன்றியிருக்க முடியாது. எழுத்தில்லாத கைமாற்றம் செல்லவே செல்லாது என்ற கண்டிப்புதான் புதிது.

அக்கண்டிப்பைக் கொண்டுவந்தது, மோசடிகளைத் தடுப்பதற்கென இயற்றப்பட்ட 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காணியின் விற்பனையும் நன்கொடையும் ஈடும் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரு சாட்சிகளுடன் கையொப்பமிடப்பட்ட எழுத்தாக இருந்தாலன்றிச் செல்லாது என்று அது விதித்தது. நொத்தாரிசு என்பவர் உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதி அத்தாட்சிப்படுத்தும் உரிமை பெற்ற சட்ட அலுவலர். அதே ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் ஆளற்ற நிலமும் முடிக்குரியவை என்ற ஊகத்தை நிறுவியதால், தன் நிலம் தன்னுடையதே என்று காட்டும் சுமை குடியானவர் மேல் விழுந்தது. பின்னர் 1907 ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் ஒழுங்குபடுத்திய முறைப்படி ஓர் உறுதி மூன்று இடங்களில் வாழ்ந்தது: ஒரு பிரதி உரியவர் கையிலும், ஒன்று நொத்தாரிசின் கட்டிலும், ஒன்று காணிப் பதிவகத்திலும் இருந்தன. வீட்டுத் தாள்களின் வரலாற்றில் இதைவிட முக்கியமான ஏற்பாடு வேறில்லை என்றே சொல்ல வேண்டும். ஏனெனில், வீட்டிலுள்ள பிரதி அழிந்தாலும் உரிமை அழியாது என்ற உறுதிப்பாடு அதில் இருந்தது. ஆயினும் பதிவகம் தொலைவில் இருந்ததாலும், அங்கே தேடிப் பெறுவதற்குக் காலமும் பணமும் எழுத்தறிவும் வேண்டியிருந்ததாலும், பெரும்பாலோர் பெட்டகத்திலிருந்த பிரதியையே உரிமையாகக் கருதினர்.

கீழ்க் கரையின் சீதன முறை இந்தத் தாள்களுக்குத் தனித்த ஒரு வடிவத்தைக் கொடுத்தது. இங்கே முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் வீடு மகளுக்குரியது. திருமணத்தின்போது பெற்றோர் அவளுக்கு வீடும் வளவும் கொடுக்க, மணமகன் அங்கே வந்து வாழ்வான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் மேற்கொண்ட களஆய்வும், 2008 இல் வெளியான அவருடைய பெருநூலும் இவ்வழக்கத்தை விரிவாகப் பதிவு செய்துள்ளன. மகளிர் எண்ணிக்கைக்கேற்ப வளவு பிளக்கும்போது உறுதியும் பிளக்கும். ஒரு வளவின் மூல உறுதி, தாய்க்கு எழுதப்பட்ட சீதன உறுதி, மூத்த மகளுக்கும் இளையவளுக்கும் தனித்தனியே எழுதப்பட்டவை என்று தாள் ஒரு கொடியாக நீள்கிறது. புதிய உறுதியை எழுத வரும் நொத்தாரிசு முந்தியவற்றைக் கேட்பதால் அக்கொடியின் எந்தக் கணுவையும் எறிந்துவிட முடியாது. இதனால் உறுதிகளைத் துணியில் சுற்றி, பெட்டகத்திலோ அலுமாரியிலோ உடுதுணிகளுக்கு அடியில் வைத்துக் காப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் பொறுப்பாயிற்று. சாவி அவளிடம் இருந்ததால் அடுக்கும் அவளிடம் இருந்தது.

வயற்காணியின் தாள்கள் வேறு வழியில் சென்றன. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு நிலம் விற்கப்படாமல் பெர்மிட் எனப்படும் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டது. உரித்தாளர் நியமிக்கப்படாமல் ஒருவர் இறந்தால், அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை மகனை மகளுக்கு முன்னே வைத்தது. 1949 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டத்தால் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவாகி, சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தின் நீர் கரையோர வயல்வட்டைகளுக்கும் பாய்ந்தபின் பெர்மிட்டின் இடம் பெரிதாயிற்று. ஆகவே ஒரே கூரையின் கீழ் இரு கட்டுகள் உருவாயின: வளவின் உறுதி தாய்வழியே மகளுக்கும், வயலின் பெர்மிட் தந்தைவழியே மகனுக்கும் போயின. வழக்கம் ஒரு திசையிலும் சட்டம் மறுதிசையிலும் இழுத்த இந்த நிலை 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஆண்பெண் முறைவைப்பை நீக்கும்வரை நீடித்தது. எண்பத்தேழு ஆண்டுகள் என்பது மூன்று தலைமுறை மகள்களின் உரிமை; அத்தாமதத்தைச் சிறிய குறையாகக் கருத முடியாது.

ஆளைப் பற்றிய தாள்களின் கதை சுருக்கமானது. பிறப்பு இறப்புப் பதிவு 1867 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் சீர்பெற்றது. காவின் எனப்படும் முஸ்லிம் திருமணப் பதிவு 1886 இலும் 1929 இலும் இயற்றப்பட்ட சட்டங்களைக் கடந்து 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டத்தில் இன்றைய வடிவை எட்டியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரிசிப் பங்கீடு வந்தபோது கூப்பன் புத்தகம் வாராவாரம் கையில் எடுக்க வேண்டிய தாளாகி, பெட்டகத்தை விட்டு அடுப்படிக்கும் கடைக்கும் நடுவே நடமாடியது. 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தைத் தொடர்ந்து 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது.

குவியலுக்கு மெய்யான ஊற்று இவற்றைவிட அற்பமாகத் தோன்றும் துண்டுகள். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, தனியார் காணியொன்றைப் பத்து ஆண்டுகள் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராகத் தனக்கென ஆண்டு வந்தவர் அதன் உரிமையைக் கோரலாம். அந்த ஆட்சியைக் காட்ட, உள்ளூராட்சி மன்றத்துக்குச் செலுத்திய சோலைவரிப் பற்றுச்சீட்டும் மின்பட்டியலும் சான்றாகக் கூடும் என்பதை மக்கள் வழக்குகளின் வாயிலாக அறிந்தபோது, எறிவதற்கென்று இருந்த துண்டுகளும் காவலுக்குரியவையாயின. இவற்றுக்கென வழங்கிய கருவி எளியது. அடியில் ஒரு மரத்தட்டும் மேலே வளைந்த கொக்கியும் கொண்ட இரும்புக் கம்பியைச் சுவரில் தொங்கவிட்டு, வரும் துண்டை அன்றே அதில் குத்தி இறக்குவர். பழையது அடியிலும் புதியது மேலேயும் வருவதால் கால ஒழுங்கு தானாக அமைந்தது. கம்பி நிறைந்தால் கழற்றிக் கட்டிப் பரணில் வைத்து, வெறுங்கம்பியை மீண்டும் மாட்டினர். 1893 இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அறிமுகமான, தாளை நிமிர்த்தி அடுக்கும் கோவைப் பெட்டகம் உலகின் அலுவலகங்களை மாற்றியது. வீடுகளை அது எட்டப் பல காலம் பிடித்தது. அதுவரை இந்தக் கம்பி செய்த பணி சிறிதன்று. வந்த தாள் வந்த நாளிலேயே தன் இடத்தை அடைய வேண்டும் என்பதே இன்றும் வீட்டுத் தாள் ஒழுங்கைப் பற்றி எழுதுவோர் முதலில் வலியுறுத்தும் பழக்கம். கம்பி அதைப் போதனையின்றி ஊட்டியது.

கழிக்கவே முடியாத இன்னொரு வகையும் முஸ்லிம் வீடுகளில் உண்டு. இறைவனின் பெயரோ குர்ஆன் வசனமோ தாங்கிய சிதைந்த தாளைக் குப்பையில் இடுவது பாவமாகக் கருதப்படுவதால், அவை ஒரு தனி உறையில் சேர்ந்து, கால்படாத இடத்தில் புதைக்கப்படுவதற்கோ எரிக்கப்படுவதற்கோ நீரில் அமிழ்த்தப்படுவதற்கோ காத்திருக்கும். இம்மூன்று வழிகளையும் மார்க்க அறிஞர் எடுத்துரைத்துள்ளனர். இத்தகைய மதிப்பு வரலாற்றுக்குச் செய்த உதவி பெரிது. யெமனின் சன்ஆப் பெரிய பள்ளிவாசலில் 1972 இல் வெளிப்பட்ட மிகப் பழைய குர்ஆன் ஏடுகள் இப்படி ஒதுக்கப்பட்டவை. கெய்ரோவின் பென் எஸ்ரா யூதத் தொழுகைக் கூடத்தின் சேமிப்பறையில் இதேபோன்ற நம்பிக்கையால் சேர்ந்த இலட்சக்கணக்கான துண்டுகளிலிருந்தே இந்துமாக்கடல் வணிகரின் கடிதங்கள் நமக்குக் கிடைத்தன. வீட்டைப் பொறுத்தவரை, புனிதத் தாளுக்கென ஓர் இடம் தனியே இருந்தமையால் பிற தாள்களைக் கழிப்பதில் தயக்கம் குறைந்தது.

பெட்டகத்தில் இருந்தால் பாதுகாப்பு என்ற எண்ணத்தை முதலில் உலுக்கியது 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளி. கூரை பறந்த வீடுகளில் பெட்டிக்குள் இருந்தவையும் மழையில் ஊறின. அடுத்து வந்த உள்நாட்டுப் போர்க்காலம் தாளைப் பெட்டகத்திலிருந்து பைக்கு மாற்றியது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டை இல்லாதவர் பட்ட பாடும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பலர் உறுதிகளைக்கூட எடுக்க முடியாமல் வந்தமையும் இக்கரைக்குப் பாடமாயின. உறுதி, பெர்மிட், காவின், பிறப்புச் சான்றிதழ், அட்டை ஆகியவற்றைப் பொலித்தீனில் சுற்றி, வாசலுக்கு எட்டும் தூரத்தில் ஒரே பையில் வைக்கும் வழக்கம் அப்போது வேரூன்றியது. இதன் பெறுமதி பாதுகாப்போடு முடியவில்லை. ஒரு கையில் தூக்கக்கூடிய பையில் எவை இடம்பெற வேண்டும் என்று முடிவெடுக்கும்போது, மற்றவை எல்லாம் இரண்டாம் நிலைக்குரியவை என்ற தெளிவும் குடும்பத்துக்கு வந்துவிடுகிறது.

அந்தப் பையையும் எடுக்க நேரம் கொடுக்காமல் வந்தது 2004 டிசம்பர் 26 இன் சுனாமி. நாட்டிலேயே மிகுந்த உயிரிழப்பைச் சந்தித்த அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, காரைதீவு ஆகிய ஊர்களில் கடலோர வரிசைகள் அத்திவாரத்தோடு போயின. உயிர்தப்பியவர் பலரிடம் தாம் யார் என்று காட்டவும் தாள் இல்லை. காணாமற்போனோருக்கு இறப்புச் சான்றிதழ் வழங்கவும், பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பாதுகாப்பைத் தீர்மானிக்கவும் 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. நடமாடும் சேவைகள் ஊர்களுக்கே வந்து சான்றிதழ்களின் பிரதிகளை வழங்கின. அப்போதுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டங்களின் வழிவந்த பதிவேடுகளின் பயன் கண்கூடாயிற்று: பதிவகத்தில் மறுபிரதி இருந்த தாள் மீண்டது, கைச்சாத்திட்ட வெறுந்துண்டுகளும் வாய்மொழி ஏற்பாடுகளும் மீளவில்லை. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை கட்டடத் தடை அறிவிக்கப்பட்டு, அறுகம்பேக் கரையைச் சுற்றுலாவுக்கென மறுசீரமைக்கும் திட்டமும் முன்வைக்கப்பட்டபோது, உல்லை மீனவருக்கும் விடுதிக்காரருக்கும் தம் குடியிருப்பின் பழமையைக் காட்டுவது வாழ்வாதாரப் பிரச்சினையாயிற்று. புதிய வீடுகளின் உரிமை பல இடங்களில் குடும்பத் தலைவன் என்ற பெயரில் ஆணுக்கு எழுதப்பட, தாய்வழியே இறங்கிவந்த சீதன வீட்டின் உறுதிக்கொடி அங்கே அறுந்தது. இழந்த சுவர்களுக்கு ஈடு கிடைத்தது. இழந்த அந்த உரிமைக்கு ஈடு கேட்டவர் மிகச் சிலரே.

சுனாமிக்குப் பின் குவியல் முன்னிலும் பெருத்தது. நிவாரணம் வழங்கிய ஒவ்வொரு நிறுவனமும் படிவமும் ஒளிப்பிரதியும் கேட்டதால், ஒரே சான்றிதழின் பல பிரதிகள் ஒவ்வொரு வீட்டிலும் சேர்ந்தன. எது மூலம், எது பிரதி என்று பிரித்தறிவதே தனி வேலையாயிற்று. அதற்கு விடையாக இன்று பல இல்லங்களில் காணப்படும் ஒழுங்கு மூலத்தையும் பிரதியையும் வெவ்வேறு உறைகளில் வைப்பதும், உறைமேல் உரியவர் பெயரை எழுதுவதும், வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைக்கு உறுதியின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பிவைப்பதும் ஆகும். 1983 முதல் 2009 வரையான போரால் தம் காணிக்குச் செல்ல முடியாதோருக்கு எதிராகப் பத்தாண்டு ஆட்சியுரிமை ஓடாது என்று 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் விதித்தபோது, நெடுநாள் திறக்கப்படாத கட்டுகள் மீண்டும் அவிழ்க்கப்பட்டன. மங்கிய பற்றுச்சீட்டுகளும் மடிப்பில் கிழிந்த பெர்மிட்டுகளும் காணிக் கச்சேரிகளின் மேசைகளில் விரிக்கப்பட்டபோது, அவற்றைத் தேதிவாரியாகக் கட்டிவைத்திருந்த குடும்பங்களால் தம் கோரிக்கையை எளிதில் எடுத்துரைக்க முடிந்தது.