ஒரே ஈ, இரண்டு கணக்கு

சாத்தூர் பக்கத்து அச்சங்குளம் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பட்டாசுதான். ஆனால் ஊர் பெயரிலேயே ஒரு குளம் இருக்கிறது பாருங்கள்! ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால்தான் இந்தப் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர். தண்ணீர் வந்தால் கோரை வரும், நத்தை வரும், தண்ணீர் குடிக்க மாடும் வரும்.

இந்த நத்தையில்தான் சிக்கல். மாட்டின் கல்லீரலைக் கெடுக்கும் தட்டைப்புழு, தன் வாழ்க்கையில் பாதியை நத்தைக்குள்தான் கழிக்கிறது. மாட்டுக்குக் குறட்டை வரவைக்கும் இன்னொரு புழுவும் அப்படித்தான். அந்த மூக்குப் புழுவுக்கு 1933ல் பெயர் வைத்தவர் சென்னை மாகாணத்தில் ஆராய்ச்சி செய்த எம்.ஏ.என். ராவ். நத்தையை ஒழிக்க மருந்து போடலாம். ஆனால் அது மீனையும் சேர்த்துக் கொன்றுவிடும். அப்படியென்றால் நத்தையை மட்டும் கொல்ல யாராவது இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். செபிடான் என்ற ஈ! நீளமான உணர்கொம்பு, முள் வைத்த தடித்த பின்தொடை. நீர்ச்செடித் தண்டில் பெரும்பாலும் தலைகீழாக உட்கார்ந்திருக்கும். அதன் புழு தண்ணீர் மேல் மிதந்துகொண்டே, மூச்சு வாங்க மேலே வரும் நத்தையைப் பிடித்துத் தின்னும். ஒன்றல்ல, வளர்ந்து முடிவதற்குள் பல நத்தைகளை! இவ்வளவு உபகாரமான ஈயின் தொழில் என்ன என்று, அதற்குப் பெயர் வைத்தவர்களுக்கே தெரியாது என்பதுதான் வேடிக்கை.

கதை 1775ல் தொடங்குகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபேப்ரீஷியஸ் ஐரோப்பாவின் ஒரு ஈக்கு 'ஸ்பீஜியா' என்று பெயர் வைத்தார். குளவி மாதிரி இருக்கும் ஈ என்று வைத்துக்கொள்ளலாம். இவர் லின்னேயஸின் மாணவர். காமர்ஸ் படிக்கிறவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு செய்தி: கீல் பல்கலைக்கழகத்தில் இவர் இயற்கை வரலாற்றோடு பொருளாதாரமும் நடத்திய பேராசிரியர்! அப்போது டேனிஷ்காரர்கள் வசம் இருந்த நம் தரங்கம்பாடியில் பிடித்த பூச்சிகளும் இவர் மேஜைக்குப் போயிருக்கின்றன.

அடுத்து பிரான்ஸின் லத்ரேய். இவர் பாதிரியார். பிரெஞ்சுப் புரட்சியின்போது போர்டோ நகரச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே ஒரு சின்ன வண்டைப் பார்த்து, அது அரிதானது என்று அடையாளம் கண்டார். சிறைக்கு வந்த மருத்துவர் மூலம் அந்த வண்டு வெளியே ஒரு இயற்கை ஆர்வலரிடம் போக, அவர் முயற்சியில் லத்ரேய்க்கு விடுதலை கிடைத்தது. அந்த வண்டுக்கு 1775ல் பெயர் வைத்தவரும் அதே ஃபேப்ரீஷியஸ்தான்! பூச்சியின் பெயர் தெரிந்ததால் உயிர் பிழைத்த இவர்தான் 1804ல் 'செபிடான்' என்ற பேரினத்தை உருவாக்கினார். கிரேக்கத்தில் அதற்கு அழுகல் என்று பொருள். உயிருள்ள நத்தையைத் தின்னும் ஈக்கு அழுகல் என்று பெயர்!

பிறகு கீலில் இருந்த வீடேமான் ஆசிய ஈக்களை எடுத்துக்கொண்டார். 1824ல் ஃபெருஜினோசா, 1830ல் ப்ளம்பெல்லா, ஈனெசென்ஸ். பெயர்களின் பொருள் முறையே துரு நிறம், ஈய நிறம், வெண்கல நிறம். எல்லாமே நிறம்தான், கவனித்தீர்களா? ஊசியில் குத்திய செத்த ஈயைப் பார்த்து வேறென்ன எழுத முடியும்?

இப்படியே ஒன்றரை நூற்றாண்டு ஓடியது. நத்தை ஓட்டுக்குள் இந்தக் குடும்பத்தின் புழுவை ஓரிருவர் பார்த்திருந்தார்கள். ஆனால் குடும்பத்துக்கே இதுதான் பிழைப்பு என்ற எண்ணத்தை உலகத்துக்குச் சொன்னவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிளிஃபோர்ட் பெர்க். ஆண்டு 1953. அதன்பின் ஈயோடு சேர்த்து முட்டை, புழு, கூடு எல்லாவற்றையும் பார்த்து எழுதும் வழக்கம் வந்தது. செபிடானின் புழுக்களைப் பற்றி நெஃப், பெர்க் இருவரும் 1966ல் தனி நூலே போட்டார்கள். தாய்லாந்தில் ப்ளம்பெல்லாவின் வாழ்க்கையை 1973ல் எழுதினார்கள். பெயர் வைத்து 143 வருஷம் கழித்து!

சரி, பெயர் எதுவாக இருந்தால் என்ன, ஈ வேலை செய்தால் போதாதா? போதாது. ஹவாய் தீவுகளில் மாட்டுத் தட்டைப்புழுவை ஒழிக்க 1958ல் நிகரகுவாவிலிருந்து 'செபிடான் மேக்ரோபஸ்' கொண்டுபோனார்கள். 1973ல் ஸ்டேஸ்கல் என்ற அமெரிக்கர் அதைத் தனியே பிரித்து 'செபிடோமெரஸ்' என்ற புதுப் பேரினத்தில் வைத்தார். 1960களில் ஜப்பானிலிருந்து ஹவாய் போனது 'செபிடான் சவுட்டரி'. இது ஹெண்டல் 1911ல் வைத்த பெயர். பார்த்தால் அது வீடேமானின் பழைய ஈனெசென்ஸேதான்!

பேரேட்டில் ஒரே ஆள் பெயரில் இரண்டு கணக்கு இருந்தால் என்ன ஆகும்? ஒன்றில் வரவு, இன்னொன்றில் பற்று, இருப்பு என்னவென்று யாருக்கும் தெரியாது. இங்கேயும் அதேதான். ஈனெசென்ஸ் பற்றி ஒருவர் எழுதியது சவுட்டரியை வளர்ப்பவர் கண்ணில் படாது. எந்த ஈ எந்த நத்தையைத் தின்னும், எந்தத் தட்பவெப்பத்தில் பிழைக்கும் என்ற தகவல் எல்லாமே பெயரோடு ஒட்டித்தான் வருகிறது. பெயர் தப்பினால் தப்பான ஈயை இன்னொரு நாட்டுத் தண்ணீரில் விட்டுவிடும் ஆபத்தும் உண்டு. விட்ட ஈயைத் திரும்பப் பிடிக்க முடியாது! இந்த மாதிரிக் குழப்பத்தைச் சரிசெய்யத்தான் நட்சன், ஆர்த் இருவரும் ஸ்பீஜியா கூட்டத்தின் ஐரோப்பிய, ஆசிய ஈக்களை மொத்தமாக அலசி 1984ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கணக்கில் ரீகன்சிலியேஷன் என்று படிக்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

ப்ளம்பெல்லா இந்தியாவிலும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஈ இறக்கும் முன், உள்ளூரில் யார் இருக்கிறார்கள் என்று சரியான பெயரோடு பட்டியல் போடுவது செலவு குறைந்த வேலை.

அடுத்த மழைக்குக் கண்மாய் நிறையும்போது கரையோரக் கோரையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நீளக் கொம்போடு ஒரு ஈ தலைகீழாக உட்கார்ந்திருந்தால் அடித்துவிட வேண்டாம். ஒரு போட்டோ எடுத்து, தேதியும் ஊர் பெயரும் குறித்து வையுங்கள். மாடு வைத்திருப்பவர்களுக்கு என்றைக்காவது அது உதவும்.