பண்டாரம் என்னும் பெயர்

ஒட்டுசுட்டானுக்கு அணித்தாகிய கற்சிலைமடுவில் ஆங்கிலேயராட்சியிலே நாட்டப்பெற்ற நினைவுக்கல்லொன்று, கப்டன் வொன் டிறிபேக் என்பான் 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி அவ்விடத்தணித்தே பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் எனக் கூறிற்று. இப்பெயரைக் கேட்போர் அஃது அவ்வீரனுக்கே தனியுரிமையாய பெயரெனக் கொள்வர். அற்றன்று. வன்னியன் என்பது அந்நாட்டுக் குறுநிலத் தலைவர் பலர்க்கும் பொதுவாய பட்டம். பண்டாரமோ அதனினும் பரந்து வழங்கியது.

யாழ்ப்பாணத்தரசன் புவிராச பண்டாரம் 1591இல் போர்த்துக்கேயராற் கொலையுண்டான். கோட்டை மன்னன் தர்மபாலனின் தந்தையாகிய வீதிய பண்டாரன் யாழ்ப்பாணத்திற் புகலடைந்து ஆங்கே மாண்டான். விமலதர்மசூரியன் எனப் பெயர்பூண்டு 1604 வரை கண்டியை ஆண்டவனும் முன்னர்க் கோணப்பு பண்டாரனே. தமிழகத்தார்க்குப் பண்டாரமென்றவுடன் களஞ்சியமும் சைவத்துறவியும் நினைவிற்கு வரும். ஈழத்திலோ தமிழர், சிங்களர் என்னும் இருதிறத்து அரசகுடியினரும் அப்பெயர் தாங்கினர். நம் பாடநூல்கள் இவ்வொற்றுமையைப் பேசாது விடுவது வியப்பே.

பொதுப்பெயர் இடரும் விளைக்கும்; ஒருவன் செயல் மற்றொருவன்மேல் ஏறிவிடும். ஆதலின் நம் வன்னியனை அவன் செயல்கொண்டே பிரித்தறிதல் வேண்டும். 1803 ஆகஸ்டு 25இல் முல்லைத்தீவைத் தாக்கி, ஆங்கிருந்த ஆங்கிலப் படை படகேறி யாழ்ப்பாணம் ஓடச் செய்தவன் இவனே. அதன்பின்னரே யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்னும் மூன்றிடத்தினின்றும் படைகள் இவன்மேல் ஏவப்பட்டன.

ஒக்டோபர் 31ஐ அவன் இறந்த நாளெனக் கொண்டாடுவாருமுளர். கல்லிற் பொறித்ததோ தோல்வி, இறப்பன்று.