நீர்நிலைச் சேற்றில் படியும் பாதரசம்: மீன் உண்போர் அறிய வேண்டியவை

தொழிற்சாலைக் கழிவுநீர் வழியாகக் கடலிலோ ஏரியிலோ சேரும் பாதரசத்தின் பெரும்பகுதி நுண்ணிய மண்துகள்களில் ஒட்டி அடியில் வண்டலாகப் படிகிறது. மேல்நீர் தெளிவாகத் தோன்றினாலும் அடிச்சேற்றில் நஞ்சு பல்லாண்டுகள் தங்கியிருக்கக்கூடும்.

உடலுக்குள் எவ்வாறு வருகிறது?

ஆக்சிஜன் குறைந்த சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இது நுண்பாசி, சிற்றுயிரி, சிறுமீன், பெருமீன் என ஒவ்வொரு படியிலும் செறிவு மிகுந்து செல்கிறது. மீனின் தசைப் புரதத்துடன் பிணைந்திருப்பதால், கழுவுவதாலோ தோலை நீக்குவதாலோ சமைப்பதாலோ இது அகலாது.

மினமாட்டா தரும் பாடம்

ஜப்பானின் மினமாட்டாவில் அசிட்டால்டிஹைடு தயாரித்த தொழிற்சாலையின் கழிவுநீருடன் மெத்தில் பாதரசம் விரிகுடாவில் கலந்தது. அங்கு பிடித்த மீனை உண்டவர்களிடம் தோன்றிய நரம்பு நோய் 1956-இல் அதிகாரப்பூர்வமாகப் பதிவானது. கழிவு வெளியேற்றம் 1968-இல் நின்றது. ஆயினும் சேறு நஞ்சாகவே இருந்தது. 1977 முதல் 1990 வரை நடந்த தூய்மைப் பணியில் சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேறு கையாளப்பட்டது. விரிகுடா மீன்கள் பாதுகாப்பானவை என 1997-இல்தான் அறிவிக்கப்பட்டது.

சேற்றைத் தோண்டும்போது நஞ்சு மீண்டும் நீரில் கலங்கக்கூடும். எனவே, கிளர்வூட்டப்பட்ட கரியைச் சேற்றின்மேல் பரப்பி நஞ்சை அதிலேயே பிணைத்து வைக்கும் முறையும் ஆராயப்பட்டு வருகிறது.

கர்ப்பிணிகள் கவனத்திற்கு

மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் மூளையைப் பாதிக்கும். மினமாட்டாவில் தாய்க்கு அறிகுறிகள் மிகக் குறைவாக இருந்தும், குழந்தைகள் கடும் பாதிப்புடன் பிறந்தனர். உடலில் சேர்ந்த அளவு பாதியாகக் குறையச் சுமார் 50 நாட்கள் ஆகும். ஆகவே, கருத்தரிக்கத் திட்டமிடும்போதே கவனம் தேவை.

- மீன் உண்பதை நிறுத்த வேண்டாம்; அதன் புரதமும் ஒமேகா-3 கொழுப்பும் தாய்க்கும் சேய்க்கும் நன்மை தருபவை.
- நெத்திலி, மத்தி போன்ற சிறுமீன்களைத் தேர்ந்தெடுக்கவும்.
- சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களைக் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறு குழந்தைகள் தவிர்க்க வேண்டும்.
- மாசடைந்ததாக அறிவிக்கப்பட்ட நீர்நிலைகளின் மீனை எவரும் உண்ணக் கூடாது.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

கை கால்களிலும் வாயைச் சுற்றியும் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம், பேச்சுக் குழறல், பார்வைப் பரப்பு குறுகுதல், செவித்திறன் குறைதல் ஆகியவை இருப்பின் உடனே மருத்துவரை அணுகவும். இவை வேறு நோய்களாலும் வரலாம். எனவே, நீங்கள் உண்ணும் மீனின் வகை, அளவு, பிடிக்கப்பட்ட இடம் ஆகியவற்றைத் தெரிவிக்கவும். இரத்தம் அல்லது தலைமுடிப் பரிசோதனையால் பாதரச அளவை அறியலாம்.

வெப்பமானி உடைந்தால்

குழந்தைகளை அப்புறப்படுத்திச் சன்னல்களைத் திறக்கவும். துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். கையுறை அணிந்து, தடித்த அட்டையால் பாதரசத் துளிகளைத் திரட்டி, மூடியுள்ள கலனில் அடைத்து, அபாயகரமான வீட்டுக் கழிவாகத் தனியே ஒப்படைக்கவும். சாக்கடையில் ஊற்றினால் அது நீர்நிலையின் அடிச்சேற்றையே சென்றடையும்.