நந்து, முரள், சங்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் ஏழாம் பதிகம் முழுவதையும் கண்ணன் கையிலுள்ள பாஞ்சசன்னியச் சங்கிடமே பேசுகிறாள். அவ்வூர் இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் இந்தப் பக்கத்துப் பேச்சில் சங்குக்குப் பல பிழைப்பு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் நூற்பாலை தொடங்கிய ராஜபாளையம் போன்ற ஆலை ஊர்களில் வேலைநேரம் அறிவிக்கும் ஊதலும் சங்குதான். பச்சைப்பிள்ளைக்குப் பால் புகட்டும் மூக்குக் கிண்ணம் சங்கு, தொண்டைக்குழியும் சங்கு.

இச்சொல்லுக்கு வடமொழிச் சங்கமும் கிரேக்கத்தின் கொங்கேயும் உறவு. தமிழில் வளை, பணிலம், கோடு என்று வேறு பெயர்களும் உண்டு. என் மனம் நிற்பது நந்து என்ற பெயரில். தொல்காப்பிய மரபியல் நந்தையும் முரளையும் தொடுவுணர்வும் சுவையுணர்வும் மட்டுமுள்ள ஈரறிவுயிர் என்கிறது. பழைய உரை, நந்தில் சங்கையும் நத்தையையும் அடக்குகிறது. முரளில் இப்பியையும் கிளிஞ்சலையும்.

இது எவ்வளவு கூர்மையான பார்வை! தூத்துக்குடியில் மூழ்கி எடுத்தவருக்குச் சங்கும் முத்துச்சிப்பியும் ஒரே கடலின் சரக்கு. வயல் நத்தை கிடப்பதோ சேற்றில். இருந்தும் உரைகாரர்கள் சங்கை நத்தையோடு சேர்த்து, சிப்பியைத் தனியே வைத்தார்கள். வாழுமிடத்தைவிட உடலமைப்பே அவர்களுக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது.

இன்றைய விலங்கியலும் அங்கேதான் கோடு கிழிக்கிறது. இரண்டும் மெல்லுடலிகள். சங்கு வயிற்றுக்காலி: ஒற்றை ஓடு, தலை, கண், அரம் போன்ற நாக்கு, ஊர்ந்து சென்று புழுக்களைத் தின்னும். முத்துச்சிப்பிக்கு ஓடு இரண்டு, தலையே இல்லை. நாரால் பாறையில் ஒட்டிக்கொண்டு நீரை வடிகட்டி உண்ணும். லின்னேயஸ் 1767-இல் சங்குக்குப் பேரிக்காயைக் குறிக்கும் 'பைரம்' என்ற பெயரை இட்டார். வயிற்றுக்காலிகளைத் தனி வகுப்பாக்கிய குவியரின் காலம் அதற்கும் பின்னால், 1795. சங்குக்குக் கண்ணும் உண்டு என்பதால் ஈரறிவுக் கணக்கு இன்று செல்லாது. பகுப்பு செல்கிறது.

திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் வரும் வலம்புரியும் தனி இனமன்று. சுருள் மாறிப் பிறந்த அதே சங்கு. அதை விலங்கியலார் இடஞ்சுழி என்பது, ஓட்டின் கூர்நுனியை மேலே வைத்துப் பார்ப்பதால். நாம் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறோம்.

நந்தின் உறவான நத்தை தெலுங்கில் 'நத்த'. ராஜபாளையத்து ராஜுக்களின் வீட்டுமொழி தெலுங்கு. ஆகவே அச்சொல் இங்கே இரு மொழியிலும் புழங்குகிறது. முரள் வழக்கொழிந்தது. அதன் இடத்தில் சிப்பி நிற்கிறது.